சம்பந்தி முட்டிய வண்டி

முட்டியது வேறு யாராக இருந்திருந்தாலும் ஹபீப் ரகுமான் அங்கேயே சட்டையைப் பிடித்திருப்பார். மானகிரிப் பக்கம் மாடு கடக்கட்டும் என்று தேமேயென்று நின்றிருந்த காரின் பின்னால் டமாரென்று வந்து இடித்தவர் இனாமுல் ஹசன். வருகிற ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியாகப் போகிற மனிதர். என்னத்தைச் செய்ய? பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துவைத்தார்.

இறங்கி வந்த சம்பந்தி பம்பரைத் தடவிப் பார்த்தார். "பாத்தீகளா, ஒரு கீறல் இல்ல" என்று சொல்லிவிட்டு, கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டு போயே போய்விட்டார்.

அதற்கப்புறம் நாலு நாளாகப் பின்னாலிருந்து ஒரே கடக் கடக். டிக்கியை மூடினால் ஒரு பக்கம் விரல் நுழைகிற சந்து. வெளியே பளபளவென்றுதான் இருக்கிறது. உள்ளே என்ன ஆயிற்றோ, அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். அந்தப் பின்சீட்டில்தான் மகள் அர்ஷியாவை நிக்காஹ் அன்று மண்டபத்துக்கு உட்காரவைத்துக் கூட்டிப்போக வேண்டும்.

"வண்டிய ஒரு தரம் தூக்கிப் பாத்துட்டு வந்துர்றேன்" என்றதுதான் தாமதம், மனைவி பர்வீன் பானு பிடித்துக்கொண்டாள்.

"நல்லாயிருக்கு போங்க! பிரியாணியில உப்பு கம்மின்னு சொன்னதுக்கு, கூடப்பொறந்த தம்பிகிட்டயே ரெண்டு வருசம் பேசாத மனுசன் அவுக. மெக்கானிக்கிட்ட வண்டிய விட்டீகன்னு தெரிஞ்சா, தன் மேல குத்தம் தேடுறோம்னு நிக்காஹவே நிறுத்திப்புடுவாக. பிள்ள வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுறாதீக."

காரைக்குடியில் எந்தப் பட்டறையில் நிறுத்தினாலும் அரை மணி நேரத்தில் சம்பந்தி காதுக்குப் போய்விடும். கர்மம், சொந்த வண்டியைப் பார்க்கத் திருடன் மாதிரி திருப்பத்தூர் தாண்டி சிங்கம்புணரி வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனார். வழியெல்லாம் கடக் கடக்.

பட்டறைக்காரன் மலையாண்டி ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். "ஒண்ணுமில்லயே பாய். நல்லாத்தான இருக்கு?"

ஹபீபுக்குச் சுர்ரென்று ஏறியது. "மேல பாக்க எனக்கும் கண்ணு இருக்குய்யா! உள்ள பாக்கத்தான் இம்புட்டுத் தூரம் ஒன்னையத் தேடி வந்தேன்."

மலையாண்டி முணுமுணுத்துக்கொண்டே டிக்கி விரிப்பைத் தூக்கினான். ஸ்டெப்னியை எடுத்து வெளியே வைத்தான். அடித்தகடு கசக்கிய காகிதம் போல மடிந்துகிடந்தது. பின்சீட்டின் சாய்மானத்தைப் பிடித்து லேசாக இழுத்தான். லாக் பிடிக்கவே இல்லை; மொத்தமாகக் கையோடு வந்துவிட்டது.

"பம்பரு பிளாஸ்டிக்கு பாய், அமுங்கிட்டுத் தானா எந்திரிச்சிரும். உள்ள இருக்க தகடு எந்திரிக்குமா? இதுல ஆள உக்காரவச்சு ஒரு பிரேக் போட்டீகன்னா, டிக்கியில இருக்கிறதெல்லாம் சீட்டோட சேந்து அவுக முதுகுல வந்து விழும்."

நாலு நாளாக மனைவியும் மகளும் அதில்தான் உட்கார்ந்து பத்திரிகை வைக்கப் போய்வந்தார்கள். சம்பந்தி மேல் வந்த ஆத்திரத்தில் ஹபீப் ஸ்டெப்னியை எட்டி உதைத்தார்.

அந்த நேரம் பார்த்து, முன்பக்கம் தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு வெள்ளைக் கார் உள்ளே திரும்பியது. இறங்கியவர் சாட்சாத் இனாமுல் ஹசன். அவருக்கும் காரைக்குடியில் பட்டறை கிடைக்கவில்லை போலிருக்கிறது!

ஸலாம் சொல்லிக்கொண்டார்கள். "சும்மா ஆயில் மாத்த வந்தேன்" என்றார் அவர். "நானும் சும்மா காத்தடிக்க" என்றார் இவர், பிரித்துப்போட்ட டிக்கிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு.

மலையாண்டிக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? வண்டிக்கடியிலிருந்து கத்தினான். "ஆமா, எவன் பாய் முட்டுனது? கண்ணப் பொடதியில வச்சுக்கிட்டு வந்தானா?"

இனாமுல் ஹசன் முகம் கறுத்தது. ஹபீபுக்கு மகள் முகம் கண்முன் வந்தது. "அவுக மேல தப்பில்லப்பா. நாந்தான் சட்டுன்னு பிரேக் போட்டுட்டேன்."

"அதச் சொல்லுங்க!" சம்பந்திக்கு உயிர் வந்துவிட்டது. "இப்பிடிப் பிரேக் போட்டா பின்னால வர்றவன் என்ன செய்வான்? ஒண்ணு செய்வோம் சம்பந்தி. ஞாயித்துக்கெழம பிள்ளைய நீங்க கூட்டிட்டு வர வேணாம். நானே என் வண்டியில பத்திரமாக் கொண்டாந்து விட்டுர்றேன்."

"வேணாம்."

"ஏன்? என் ஓட்டுல என்ன கொறையக் கண்டீக?"

நாலு நாளாக அடக்கி வைத்திருந்தது ஹபீபை மீறிக்கொண்டு வந்தது. "முட்டுனது நீங்கதான் சம்பந்தி! நின்ன வண்டியில வந்து முட்டுனீக. என் பிள்ள உங்க வண்டியில ஏறாது. நிக்காஹ நிறுத்துறதுன்னா நிறுத்திக்கங்க!"

சொன்ன பிறகுதான் உறைத்தது. முடிந்தது கதை, பர்வீன் முகத்தில் எப்படி விழிப்பது என்று நின்றார்.

இனாமுல் ஹசன் நடந்து போய்ச் சாய்மானத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். கையோடு வந்தது. மறுபடி வைத்து மறுபடி இழுத்தார். மடிந்த தகட்டைக் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, வண்டிக்கடியிலிருந்து வெளியே வந்து நின்ற மலையாண்டியிடம் எரிந்து விழுந்தார்.

"என்னடா பாத்துக்கிட்டு நிக்கிற? என் வண்டி கெடக்கட்டும். எம் மருமக உக்கார்ற சீட்டு, மொதல்ல அதச் சரி பண்ணு."

மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அந்த வாயிலிருந்து கடைசிவரை வரவே இல்லை.