சாலுவின் அண்ணத்துக் கம்பி

சிரித்துச் சிரித்துப் பேசும் வைத்தியரைக் கண்டாலே எனக்கு ஆகாது. சேலத்திலிருந்து வியாழக்கிழமைதோறும் தர்மபுரிக்கு வந்துபோன பல் டாக்டர் சவுரியப்பன் அப்படித்தான் சிரித்தார். என் மகள் சாலுவுக்கு ஐந்து வயது முடிந்தும் கட்டைவிரல் வாயை விட்டு இறங்கவில்லை. வேப்பெண்ணெய் தடவினேன், அதையும் சப்பித் தீர்த்தாள். முன்பல் தூக்க ஆரம்பித்தது. பென்னாகரம் பள்ளியில் வாத்தியாராக இருந்த என் வீட்டுக்காரர் டாக்டரின் பேச்சில் மயங்கி, பெட்ரோல் கிடைக்காமல் கரியை எரித்து ஓட்டிய பஸ்ஸில் எங்களை ஏற்றிக் கூட்டிப்போனார்.

டாக்டர் கடைவாய்ப் பல் இரண்டுக்கும் வளையம் மாட்டி, மேலண்ணத்தில் வேலி போல ஒரு கம்பியைப் பொருத்தி ஒட்டிவிட்டார். விரல் கம்பியில் முட்டினால் சுகம் தெரியாது, பழக்கம் தானாக விட்டுப்போகும் என்றார். மெதுவான ஆகாரம் கொடுத்து, ஒரு மாதம் கழித்துக் கூட்டிவரச் சொன்னார். கம்பி மஞ்சளாக மின்னியது. என்ன உலோகம் என்று கேட்டேன். பயப்பட வேண்டாம் என்றாரே தவிர, பெயரைச் சொல்லவில்லை.

யுத்த காலத்தில் இவருக்கு மட்டும் நல்ல உலோகம் எங்கே கிடைத்தது? ஈயம் பூசாத பித்தளையில் புளி பட்டால் பச்சையாகக் களிம்பு ஏறி விஷமாகும் என்பது எங்கள் ஊரில் யாருக்குத் தெரியாது? அன்றே புளிக்குழம்பையும் மோரையும் நிறுத்தினேன். கேழ்வரகுக் களியை உருட்டி, பாலில் தோய்த்து ஊட்டினேன். களியை விட மெதுவானது ஏது? நாங்கள் அதை மெல்லுவதுகூட இல்லை, அப்படியே விழுங்குவோம்.

பத்து நாளில் சாலுவின் வாய் நாறியது. அண்ணம் சிவந்து வீங்கியது. உருண்டையைக் கண்டாலே அழுதாள். விரல் சப்புவது நின்றுவிட்டதென்று என் வீட்டுக்காரருக்குச் சந்தோஷம். எனக்கோ பிள்ளை பிழைக்குமா என்று பயம். நாலு வாய் உள்ளே போனால்தான் உயிர் தங்கும் என்று அவளை மடியில் கிடத்தி, தாடையைப் பிடித்துத் திறந்து திணித்தேன். எலும்பும் தோலுமாக ஆனாள்.

மாதம் முடியும்வரை நான் காத்திருக்கவில்லை. அடுத்த வியாழக்கிழமையே டாக்டர் முன்னால் போய் நின்றேன்.

"எம்புள்ள வாயில வெசத்த வெச்சிட்டீங்க. இப்பவே கழட்டுங்க."

அவர் சிரிக்கவில்லை. சாலுவின் வாய்க்குள் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். கொக்கி ஒன்றால் கம்பிக்குப் பின்னால் நெண்டினார். சுண்டைக்காய் அளவுக்குக் கறுத்த பசை வந்தது. அதை என் பக்கம் நீட்டினார். அழுகல் நாற்றத்துக்குள்ளே கேழ்வரகு வாசனை அடித்தது. நான் கிண்டிய களி எனக்குத் தெரியாதா?

"களி குடுத்தீங்களாம்மா?"

"மெதுவானதுதான குடுக்கச் சொன்னீங்க."

"ஒட்டறது கம்பிக்குள்ள அடைச்சுக்குமுங்க. நான் சொல்லியிருக்கணும்" என்றார்.

கம்பியைக் கழற்றாமலே அவர் கழுவித் துடைத்த பிறகும் நான் விடவில்லை, அதை உற்று உற்றுப் பார்த்தேன். பச்சையாக ஒரு புள்ளிகூட இல்லை. இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

மூன்று நாளில் வீக்கம் வடிந்தது. அரிசிக் கஞ்சியைத் தண்ணீராகக் காய்ச்சி, உப்புப் போட்டு ஆற்றி, டம்ளரைச் சாலுவின் வாயருகே கொண்டுபோனேன். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். எவ்வளவு கெஞ்சியும் கையை எடுக்கவில்லை. என் வீட்டுக்காரர் வந்து டம்ளரை என்னிடமிருந்து வாங்கினார். அப்போதும் அவள் கண் என் மேலேயே இருந்தது.

"அப்பா, நீ மொதல்ல குடிச்சுப் பாரு" என்றாள்.

அவர் ஒரு மடக்குக் குடித்துக் காட்டினார். அதன் பிறகுதான் வாயைத் திறந்தாள்.