வெளுக்காத நீலம்

என் நீலம் வெளுக்காது. வெயிலில் காயப்போடுங்கள், சோப்பு போட்டுக் கசக்குங்கள், துணி கிழிந்தாலும் நிறம் நிற்கும். கடைத்தெருவில் எனக்கே ‘நீலக்காரர்’ என்றுதான் பெயர். இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள், என் மகளைத் தவிர.

“அதுதாம்பா பிரச்சினையே. துணியில போகாதது தண்ணியில மட்டும் போயிடுமா?” என்பாள்.

எங்கள் சாயப்பட்டறைக்குப் பின்னால் ஒரு வாய்க்கால். நாங்கள் எந்த நிறம் தோய்க்கிறோமோ, அன்றைக்கு அதற்கும் அதே நிறம். மாசுத் தடுப்பு அதிகாரியம்மா எச்சரித்துப் பார்த்தார். கடைசியில், இனி ஒரு சொட்டுச் சாயத் தண்ணீர் வெளியே போனாலும் பட்டறைக்குப் பூட்டு என்றுவிட்டார். பட்டறையை விட்டால் எனக்கு வேறு வேலை தெரியாது. தெரிந்துகொள்ளும் எண்ணமும் இல்லை.

படிப்பை முடித்துவிட்டு வந்த மகள் பின்கொட்டகையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடிக் குழாய்கள், காற்றடிக்கும் மோட்டார், தொட்டால் ஆளைத் தூக்கியெறியும் மின்சாரம். குழாய்க்குள் ஊதா வெளிச்சம் சீறும். பிளாஸ்மாவாம்.

“சின்ன மின்னல்னு வச்சுக்கோங்க. கழிவுத் தண்ணியில இருக்கற சாயத்தைத் துண்டு துண்டா உடைச்சுடும்.”

எத்தனை முறை ஃபியூஸ் போயிற்று, எத்தனை குழாய் உடைந்தது என்று கேட்காதீர்கள். அவள் விடவில்லை. அந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதிகாரியம்மா வந்து அவள் கருவியைச் சோதிப்பதாகச் சொன்ன நாளும் வந்தது. நிறம் தூக்கலாக இருந்தால் சாயக்காரன் என்ன செய்வான்? தண்ணீர் விடுவான். யாரும் வருவதற்குள் கழிவுத் தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டேன். பெற்ற மகளுக்கு இந்த உதவிகூடச் செய்யக்கூடாதா?

அதிகாரியம்மா வந்ததும் மகள் தொட்டியிலிருந்து ஒரு கண்ணாடிக் குவளையில் மொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். முகம் சிவந்துவிட்டது.

“யாரு இதுல தண்ணி கலந்தது?”

நான் கூரையை ஆராய்ந்தேன்.

“முதலாளி சாயம் வெளுத்துப்போச்சு” என்று எங்கள் பட்டறை மேஸ்திரி வாய்க்குள் சிரித்தார். அவரை அப்புறம் கவனித்துக்கொள்கிறேன்.

மகள் அதிகாரியம்மாவிடமே சொல்லிவிட்டாள். “மேடம், இது எங்க அசல் கழிவு இல்ல. அப்பா பயந்துபோய் தண்ணி விட்டுட்டார். புதுசா எடுத்துச் சோதிங்க.” பிறகு என்னிடம் திரும்பினாள். “உங்க நீலத்தைக் குடுங்கப்பா. இருக்கறதுலயே கெட்டியா.”

“தோத்துட்டா பட்டறை போயிடும்டி.”

“ஏமாத்தி ஜெயிச்சா மட்டும் நிக்குமா?”

அப்போதுதான் தோய்த்து முடித்த தொட்டியிலிருந்து மிஞ்சியதை அப்படியே கொண்டுவந்து அவள் கருவியில் ஊற்றினேன். மை மாதிரி இருந்தது. குழாய்கள் சீறின. நீலம் அசையவில்லை. ஒரு பக்கம் என் சாயத்தை நினைத்து நெஞ்சு நிமிர்ந்தது, மறுபக்கம் பட்டறை போய்விடுமே என்று பயம். இந்த அவஸ்தை எந்தச் சாயக்காரனுக்கும் வரக்கூடாது. போய்த் தொலையேன் என்று வாழ்நாளில் முதன்முறையாக என் நீலத்தையே திட்டினேன்.

மெல்ல அது இறங்கியது. வான நீலம் ஆயிற்று, அப்புறம் லேசான சாம்பல். அப்புறம் குழாய்க்குப் பின்னால் நின்ற மேஸ்திரியின் பல் தெரிந்தது.

“போயிடுச்சு! நிறுத்தும்மா!” என்று கத்தினேன்.

“நிறம் போனா போதாதுப்பா. உடைஞ்ச துண்டுங்களும் போகணும்.”

அவள் திருப்தியான பிறகுதான் நிறுத்தினாள். அதிகாரியம்மா தன் கருவியில் சோதித்தார். நம்பாமல் மறுபடியும் சோதித்தார். பிறகு பையிலிருந்து பெரிய பூட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார்.

“கொண்டுவந்தேன். திருப்பி எடுத்துட்டுப் போறேன்” என்று சிரித்தவர், என் பக்கம் திரும்பினார். “உங்க நீலம் வெளுக்காதுன்னு ஊரே சொல்லுது. இனிமே என்ன சொல்லுவீங்க?”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைப்பானேன்?

“அதேதான் மேடம் சொல்லுவேன். வெயிலால முடியாது, சோப்பால முடியாது. என் நீலத்தை வெளுக்க வைக்க ஒருத்தியாலதான் முடியும். அவ என் மக.”