திருடன் தூண்

சாய்ந்த தூணின் நிழலில் எஸ்போல் காலையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டான். சுற்றிலும் வெள்ளைச் சுண்ணாம்புத் தூண்கள், காற்று தின்றது போக மிச்சம் நிற்பவை. மற்றவற்றுக்குப் பெயர் கிடையாது. இதற்கு மட்டும் போன வருஷத்திலிருந்து ஒரு பெயர்: திருடன் தூண். வைத்தவன் அவனுடைய தாய்மாமன் ஜானுசாக்.

மாமன்தான், ஆனால் எஸ்போலைவிட ஐந்து வயது இளையவன். அம்மாவுக்குக் கடைசித் தம்பி. பாலைவனம் பார்க்க வருகிறவர்களை ஜீப்பில் கொண்டுவந்து, தன் வெள்ளை ஒட்டகத்தின்மேல் ஏற்றிப் படம் எடுக்கவிட்டு, கதை சொல்லிப் பிழைக்கிறான். ஒட்டகம் திருடியவனைக் கடவுள் இதே இடத்தில் கல்லாக்கிவிட்டாராம். அதுதான் கதை.

அவன் சொல்லும் திருடன் எஸ்போலின் தம்பி சகிந்திக். இருபது வருஷத்துக்கு முன்னால் மாமன் மந்தையிலிருந்து ஓர் ஒட்டகத்தை ஓட்டிக்கொண்டு வரும்போது குளிர்காலத்துப் பனிப்புயலில் மாட்டி, இந்தத் தூணடியில் விறைத்துச் செத்தான். ஒட்டகமும் செத்தது. ஜானுசாக் சாவு வீட்டுக்கு வந்து ஒட்டகத்துக்குத்தான் அழுதான். எஸ்போல் அதையே மறக்கவில்லை. இப்போது செத்தவன் பெயரைச் சொல்லிக் கதை ஓடுகிறது என்று கேட்டதிலிருந்து தின்ற கறி அவன் உடம்பில் ஒட்டவில்லை.

ஜீப் வந்து நின்றது. அல்மாட்டி நகரத்துக்காரர்கள் ஆறு பேர் இறங்கினார்கள். ஒட்டகம் முன்னங்கால் கட்டோடு பக்கத்தில் நின்றது.

"என்ன மருமகனே, கதை கேக்க வந்தியா?" என்றான் ஜானுசாக்.

"ஆமா மாமா. நீ சொல்லு. நான் குறுக்க பேசல."

அவன் சொன்னான். பெயரையும் சொன்னான். எஸ்போல் முழுசாகக் கேட்டு முடித்து எழுந்தான். ஒட்டகத்தின் கால்கட்டை அவிழ்த்தான். மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நடந்தான்.

"ஏய், அத எங்க ஓட்டற?"

"எங்க வீட்டுக்கு."

"வெளையாடாத. ஆளுங்க ஏறணும்."

"நடக்கட்டும். காலு இருக்குல்ல."

ஜானுசாக் வாயைத் திறந்தான். சொல்ல வந்தது நாக்கு நுனியிலேயே நின்றுவிட்டது.

"சொல்லு மாமா, ஏன் முழுங்கற? அக்கா மவன் மாமன் வீட்ல மூணு தரம் எத வேணா எடுத்துக்கலாம். திருட்டுன்னு சொன்னா மாமனுக்குத்தான் கேவலம். தாத்தன் காலத்து வழக்கம். இந்த அறுபத்திமூணு வயசுக்கு நான் ஒரு தரம்கூட எடுத்ததில்ல. இது மொதல். நான் திருடனா?"

திருடன் என்று சொன்னால் இனி எந்தக் கல்யாணத்திலும் எந்தச் சாவிலும் ஜானுசாக்கை உட்கார் என்று சொல்ல ஆள் இருக்காது. இல்லை என்று சொன்னால் கதை போச்சு. அது எஸ்போலுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

ஒரு பெண் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "உங்க ஒட்டகத்த இவரு திருடறாரா?"

"இல்லம்மா. அக்கா மவன். அவனுக்கு உரிமை உண்டு."

"சகிந்திக்கும் அதே அக்கா வயித்துலதான் பொறந்தான்," என்றான் எஸ்போல். "அவனும் ஒண்ணே ஒண்ணுதான் எடுத்தான். அதையும் சொல்லு."

"அவனும் திருடன் இல்ல," என்று ஜானுசாக் தரையைப் பார்த்துச் சொன்னான்.

"கேக்கல. அந்தம்மா படம் புடிக்கறாங்க, தலைய நிமித்தி சொல்லு."

தலையை நிமிர்த்திச் சொன்னான்.

வேறு யாராவது என்றால் அத்தோடு கயிற்றைத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள். எஸ்போல் கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை அந்த ஒட்டகத்தை அறுத்துத் தம்பி பெயரால் ஊருக்குச் சாப்பாடு போட்டான். முதல் அழைப்பு ஜானுசாக்குக்கு. வராமல் இருக்க முடியாது, வந்தான். திமில் கொழுப்பை எஸ்போல் தன் கையாலேயே அறுத்து அவன் பக்கம் தள்ளினான்.

"தின்னு மாமா. ஒன்னோடதுதான், கூச்சப்படாத."

தின்றான். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு, தாய்வீட்டு ஆள் என்பதால் பிரார்த்தனையை அவனே சொல்லவேண்டும் என்றார்கள். உள்ளங்கைகளை ஏந்தி, சகிந்திக் நல்லவன், அவனுக்கு மண் இலகுவாகட்டும் என்றான். எல்லோரும் உள்ளங்கைகளால் முகத்தைத் தடவிப் பிரார்த்தனையை முடித்தார்கள்.

ஜானுசாக் குனிந்து மெதுவாகக் கேட்டான். "இப்ப மனசு ஆறுச்சா?"

"இல்ல," என்றான் எஸ்போல். அடுத்த துண்டை அறுத்து வைத்தான்.