ஒரு கை கூடப் பூசிய விசிறி

சிங்காரவேலனுக்கு ஃபைபர் படகு ஒட்டும் வேலை. அடிபட்ட இடத்தில் எப்பவும் ஒரு கை கூடவே ரெசின் பசை பூசுவான். கடலுக்குப் போகிற பொருளில் கஞ்சத்தனம் ஆகாது என்பது காரைக்கால் கரையில் ஊறிப்போன பழக்கம். மர்செலின் குட்டி விமானத்து மூக்கில் சுழலும் ஃபைபர் விசிறியை மணல் கொத்தியிருந்தபோதும் அப்படித்தான் தாராளமாகப் பூசிவிட்டான்.

மர்செல் பிரான்சில் விமானக் கொட்டகையில் வேலை பார்த்து, பென்ஷனோடு ஊர் திரும்பியவர். எஞ்சின் நின்று கரை சேராத படகுகளை வானத்திலிருந்து தேடலாம் என்றார். போன வருசம் சிங்காரவேலனின் தம்பி மணிவேல் அப்படி மிதந்து குற்றுயிராய்த்தான் கரை வந்தான். அதனால் இந்த ஏற்பாடு நடந்தே ஆகணும் என்று சிங்காரவேலன் ஒற்றைக்காலில் நின்றான். பஞ்சாயத்து சோதனை வைத்தது: மணிவேல் கடலில் எங்காவது நங்கூரம் போட்டு நிற்பான், பொழுது சாயுமுன் கண்டுபிடிக்கணும். இல்லையென்றால் அந்தப் பேச்சே கிடையாது.

சோதனை நாள் காலையில் எஞ்சினைப் போட்டதும் விமானம் சாமி வந்தது மாதிரி ஆடியது. மர்செல் சட்டென்று அணைத்தார்.

பஞ்சாயத்துத் தலைவர் சுந்தரமூர்த்தி சிரித்தார். "ஃபைபர் நாரையும் பசையையும் நம்பி வானத்துக்குப் போறதாக்கும்! மரத்துல செஞ்சிருந்தாலாவது சரிங்கலாம்."

"படகுல ஒட்டு விட்டுப்போனா நீந்தலாம். இது விட்டுப்போனா?" என்றாள் சிங்காரவேலன் பெண்சாதி லோகாம்பாள்.

மர்செல் விசிறியைக் கழற்றி, நடுத்துளையில் கம்பி செருகி, இரண்டு முக்காலிகளுக்கு நடுவே தொங்கவிட்டார். ஒட்டுப்போட்ட பக்கம் சரேலென்று கீழே இறங்கியது.

"சாமான் நல்ல சாமான், சிங்காரம். நீங்க கூடப் பூசுனதுதான் வில்லங்கம். ரெண்டு பக்கமும் ஒரே கனமா இருக்கணும்."

அவனுக்கு முகம் செத்துப்போனது. உப்புத்தாளோடு உட்கார்ந்தான். தேய்ப்பான், கம்பியில் வைப்பான், இறங்கும், மறுபடி தேய்ப்பான். உச்சி வெயில் சாய்ந்த பிறகுதான், எப்படித் திருப்பினாலும் விசிறி விட்ட இடத்தில் நின்றது. மர்செல் காசால் தட்டித் தட்டிக் கேட்டார். எங்கேயும் உள்ளே காற்று அடைத்த பொக்கு இல்லை.

"ஏறுங்க."

"நானா?"

"ஒட்டுனவர் ஏறாம வேற யாரு ஏறுவா? கடலும் உங்களுக்குத்தானே தெரியும்!"

எஞ்சின் உறுமியது. இம்முறை ஆட்டமே இல்லை. திடல் நழுவி, தென்னை நழுவி, அரசலாற்று முகத்துவாரம் காலுக்குக் கீழே போனது. கண்ணெதிரே அந்த விசிறி சுழன்று சுழன்று, இருக்கிறதே தெரியாமல் காற்றோடு கலந்துவிட்டது. சிங்காரவேலன் பயத்தை மறந்து கலங்கல் தண்ணியையும் நீலத் தண்ணியையும் பிரித்துப் பார்த்தான். தம்பி கள்ளன், வழக்கமாய் வலை போடும் வடக்கே நிற்கமாட்டான்.

"தெக்கே திருப்புங்க!"

பொட்டு மாதிரி ஒரு படகு. அவன் வயர்லெஸ்ஸைப் பிடுங்கிக் கத்தினான்: "டேய் மணிவேலு! தூங்குறியா?"

"அண்ணே! மேலயா இருக்கே? அண்ணி எப்படி விட்டுச்சு?"

கரையில் வயர்லெஸ் பெட்டியைச் சுற்றி நின்ற கூட்டம் அதைக் கேட்டுக் கொல்லென்று சிரித்து விசிலடித்தது.

இறங்கியதும் சுந்தரமூர்த்தி தன் தோள் துண்டை எடுத்துச் சிங்காரவேலனுக்குப் போர்த்தினார். "இனிமே படகு காணோம்னா மொத ஆள் உன் வீட்டுக்குத்தான் வரும். பஞ்சாயத்து சம்மதம்."

லோகாம்பாள் மர்செலிடம் போனாள். "அதுல ரெண்டே ஆளுதான் உக்காரலாமா? அடுத்த வாட்டி இவரு இறங்கட்டும், நான் ஏறுறேன்."