முதல் மணியிலேயே எடுத்துவிடும் எண்

மைசூரில் கல்யாணப் பெண்ணுக்குப் புடவை கட்டி, பூ வைத்து, மணமேடைக்கு அனுப்புகிறவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். ஆனால் ரூபா மடிப்பு எடுத்த புடவை, தாலி ஏறி, சாப்பிட்டு, புகுந்த வீடு போய்ச் சேரும்வரை கலையாது. அப்படி ஒரு கை அவளுக்கு. அவள் செய்த ஒரே அசட்டுத்தனம், கல்யாண மண்டபங்களில் கொடுத்த அட்டையில் தன் சொந்த மொபைல் எண்ணை அச்சடித்ததுதான்.

அப்புறம் என்ன நடந்தது என்று சொல்லவா வேண்டும்? வேலைவெட்டி இல்லாதவர்களுக்கு ஒரு பெண்ணின் எண் கிடைத்தால் போதாதா? அலங்காரம் கேட்டு வந்த அழைப்பைவிட, சாப்பிட்டாயா, தூங்கிவிட்டாயா என்று கேட்ட கரிசனம்தான் அதிகம். நஞ்சன்கூட்டுக்கு ஃபேக்டரி வேலைக்குப் போகும் கணவன் பிரசாந்த் ஒன்றிரண்டு பேரை மிரட்டிப் பார்த்து ஓய்ந்துபோனான். ஹனூரில் இருக்கும் அப்பா சுப்பையாவின் காதுக்கும் விஷயம் போனது.

"கண்டவனெல்லாம் கூப்புடற பொழப்பு நமக்கு வேண்டாம் சாமி, உட்டுப்போடு" என்றார். அவள் விடவில்லை என்றதும் பேச்சை நிறுத்திவிட்டார். தப்பு செய்தவன் எவனோ, தொழிலை மூட வேண்டியது அவளா?

கைகொடுத்தவள் மாடி வீட்டு சோனியா. ஒரு டாக்சி கம்பெனியில் வேலை பார்ப்பவள். டிரைவருடைய எண் சவாரிக்குத் தெரியாது, சவாரியின் எண் டிரைவருக்குத் தெரியாது, நடுவில் வேறொரு எண் நிற்கும். அப்படி ஒன்று உனக்கும் வாங்கலாம் என்றாள். வாங்கியும் கொடுத்தாள். சிம் எப்போது வரும் என்று ரூபா போனில் சிம் தட்டைத் திறக்க ஊக்கை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். சிம்மே கிடையாதாம். எண் இருப்பது ஏதோ கம்பெனியின் கம்ப்யூட்டரில். யாராவது கூப்பிட்டால், நாம் சொன்ன நேரத்தில் நாம் சொன்ன போனுக்குத் தள்ளிவிடும். மற்ற நேரத்தில் தானே எடுத்து, பேசுவதைப் பதிந்து வைக்கும்.

'வணக்கம், ரூபா அலங்காரம். உங்க பேச்சு பதிவாகுது, விவரம் சொல்லுங்க' என்று தமிழிலும் கன்னடத்திலும் சோனியாவே பேசிக் கொடுத்தாள். பதிவாகிறது என்று கேட்டதுமே சூரர்கள் எல்லாம் போனை வைத்துவிட்டு ஓடினார்கள். பழைய சிம் குப்பைக்குப் போனது. ரூபாவின் புதிய சொந்த எண் வீட்டாருக்கு மட்டும்தான் தெரியும். மணி அடித்தால் நெஞ்சு அடித்துக்கொள்வது நின்றதே, அதற்காகவே சோனியாவைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

அப்பாதான் இறங்கி வரவில்லை. சுப்பையா மகளை நேராகக் கூப்பிட்டதே கிடையாது, என்றைக்கும் மிஸ்டு கால்தான். ஒரு மணி அடித்ததும் வைத்துவிடுவார், மகள் திருப்பிக் கூப்பிட வேண்டும். போனில் பேசத் தனியாகக் காசு பிடிப்பதில்லை என்று ஆன பிறகும் வழக்கம் மாறவில்லை. பேச்சை மகள் தொடங்கினால் கௌரவம் பிழைத்துக்கொள்ளும் பாருங்கள். புது எண்ணையும் புது அட்டையையும் அம்மாவிடம் கொடுத்தனுப்பியும் அந்த ஒரு மணி அடிக்கவே இல்லை.

ஆவணி மாதம் ஒரு முகூர்த்த நாள். கையில் வேலை இருந்ததால் எந்திரமே எடுக்கட்டும் என்று விட்டிருந்தாள். வீட்டுக்கு வந்து, பதிவானதைக் கேட்டபோது அப்பாவின் குரல்.

"அட, எடுத்துப்போட்டீங்களா? மிஸ்டு கால் உடலாம்னுதான் அடிச்சனுங்க."

அட்டையில் இருந்த இந்த எண் முதல் மணியிலேயே எடுத்துவிடும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? பேசியது ஆபீஸ் பெண் என்று நினைத்துவிட்டார். எடுத்தவளிடம் ஒன்றும் சொல்லாமல் வைப்பது அவருக்கு மரியாதையாகப் படவில்லை.

"ஏனுங்க அம்முணி, நான் ஹனூர் சுப்பையாங்க. இங்க நம்ம காளிதாஸ் புள்ளைக்குக் கல்யாணமுங்க. ரூபா வந்து சீலை கட்டுனாத்தான் ஆச்சுன்னு நிக்குதுங்க. ரூபா என்ற மவதானுங்க. நான் கேட்டேன்னு சொல்ல வேண்டாமுங்க, கோவத்துல பேசாம இருந்துபோட்டேன். பயந்துதான் உடச் சொன்னனுங்க. இப்பத்தான் நீங்க கூட இருக்கறீங்கள்ல. பாத்துக்கோங்க அம்முணி. நல்ல கை என்ற புள்ளைக்கு. நிறுத்திப்போட வேண்டாம்."

ரூபா மாடிக்கு ஓடி அதைச் சோனியாவுக்குப் போட்டுக் காட்டினாள். 'நீங்க கூட இருக்கறீங்கள்ல' என்ற இடத்தில் சோனியாவின் கண் நிறைந்தது. ரூபா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை விடாமலே மறு கையால் ஹனூருக்குப் போன் போட்டாள். அப்பா எடுத்தார்.

"அப்பா, உங்க மிஸ்டு கால் பாத்தனுங்க" என்றாள்.