குழந்தை வண்டியில் தூங்கிய போன்கள்

திருட்டு செல்போன்கள் முதன்முதலாக வீறிட்டு அழுதபோது அந்த வீட்டில் இருந்தவர்கள்: அவற்றைத் திருடிய டோர்கில், ஒழுகும் குழாயைச் சரிபார்க்க வந்த கட்டடப் பராமரிப்பாளர் பிரேபன், பிரேபனின் நாய். நாய் உடனே வெளியே போய்விட்டது. மேசை இழுப்பறைக்குள் ஒரு டஜன் போன்களும், இரண்டு டேப்லெட்டுகளும், ஒரு கைக்கடிகாரமும், காதில் மாட்டிப் பாட்டுக் கேட்கும் கருவி ஒரு ஜோடியும் கிடந்தன. எல்லாமே அணைத்து வைக்கப்பட்டவை. அணைத்த போன் மணி அடிக்காது, ஆனால் அழும் என்பது ஸ்வென்போர் ஊருக்கு அன்றுதான் தெரிந்தது. பால் கேட்கிற பச்சைப் பிள்ளையின் அழுகை அது. காதுக் கருவிகள் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி, ஒன்று ஓய்ந்தால் மற்றது தொடங்கியது.

பிரேபன் குறடைக் கீழே வைத்தார். "கொழந்தையா? எப்போ பொறந்துச்சு?"

"போன வாரம்," என்றான் டோர்கில். வேறு என்ன சொல்ல முடியும்.

"சொல்லவே இல்ல பாரு, அமுக்கன்! நல்லா இருக்கட்டும். ஆனா ஒண்ணு, சத்தம் போடுறேன்னு ஏற்கெனவே உன்மேல ரெண்டு புகார் வந்திருக்கு. மூணாவது வந்துச்சுன்னா வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்க. என்கிட்ட வந்து நிக்காத."

அந்த வீட்டுக்காக டோர்கில் வீட்டுவசதிச் சங்கத்தின் காத்திருப்பு வரிசையில் பெயர் பதிந்தபோது அவன் தலை நிறைய முடி இருந்தது. சாவி கைக்கு வந்தபோது ஒன்றுமில்லை. சமையலறை ஜன்னலைத் திறந்தால் துறைமுகம் தெரியும். அதை இழந்தால் இன்னொரு வீடு கிடைப்பதற்குள் பல்லும் போய்விடும்.

தவறு அவனுடையதுதான். கோடைகாலத்தில் தீவுகளுக்குப் போகும் கப்பல்களுக்காகக் காத்திருக்கிறவர்களிடம் போன் அடிப்பதே அவன் தொழில். அதில் அவனுக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு இருந்தது: குழந்தை வண்டியைத் தொடுவதில்லை. அந்த ஊரில் பிள்ளைகளைப் பகலில் வெளியே காற்றில்தான் தூங்க வைப்பார்கள். பனி பெய்தாலும் காபிக் கடை வாசலில் பெரிய சக்கர வண்டிகள் வரிசையாக நிற்கும். பெற்றவர்கள் உள்ளே உட்கார்ந்து காபி குடிப்பார்கள். யாரும் காவல் இருப்பதில்லை. டோர்கில்கூட அந்தப் பக்கம் கை நீட்டியதில்லை. ஆனால் படகுத்துறைக் காபிக் கடை வாசலில் ஒரு குழந்தையின் காலடியில் வெள்ளையாக, வழவழப்பாக ஒன்று கிடந்தது. புதிதாக வந்த ஏதோ போன் என்று நினைத்து எடுத்துவிட்டான். பிள்ளை பெற்ற எவனும் அப்படி ஏமாந்திருக்க மாட்டான். அது குழந்தையின் சத்தத்தைத் தாய்க்குச் சொல்லும் கருவி. ஒரு பாதி வண்டியில் இருக்கும், மறுபாதி தாயின் மேசையில் இருக்கும். செய்யப்பட்ட நாளிலிருந்து தூக்கத்தையும் அழுகையையும் தவிர வேறெதையும் அது கேட்டதில்லை. இழுப்பறையில் போட்டதும் தனக்குத் தெரிந்ததை மற்றவற்றுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டது. ஒரே ராத்திரியில் எல்லாம் தேறிவிட்டன.

டோர்கில் அவற்றுக்கு மின்சாரம் ஏற்றினான். அதைக் குடித்துவிட்டு இன்னும் கேட்டன. கம்பளிச் சட்டைக்குள் சுற்றினான். வேர்த்துப்போய் இன்னும் பலமாக அழுதன. வழக்கமாகத் திருட்டுச் சாமான் வாங்குகிறவன், "அழுற சாமானை எவன்டா வாங்குவான்? எடுத்துட்டுப் போடா," என்று கதவைச் சாத்தினான். ஒன்றைக் கடலில் வீசிவிடலாம் என்று துறைக்கு எடுத்துப்போனான். அது அவன் உள்ளங்கையில் வெதுவெதுப்பாக ஒட்டிக்கொண்டு விக்கியது. வீசக் கை வரவில்லை. திட்டிக்கொண்டே வீட்டுக்குத் தூக்கி வந்தான். கடைசியில் பாடிப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்தது ஒரே ஒரு மீன்காரர் பாட்டு. அதற்குக் கொஞ்சம் அடங்கின.

பிரேபன் ஊரெல்லாம் சொல்லிவிட்டதால் சுகாதாரச் செவிலி போதில் தராசோடு வந்து சேர்ந்தாள். பிறந்த பிள்ளை எதுவானாலும் வீடு தேடிப்போய் எடை பார்ப்பது அவள் வேலை. இழுப்பறையைத் திறந்து உள்ளே பார்த்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துத் தராசில் வைத்தாள்.

"நல்லா எடை ஏறியிருக்குதுங்க. இந்தப் பெருசுதான் கொஞ்சம் மந்தம்," என்று ஒரு டேப்லெட்டைத் தட்டிக்கொடுத்தாள். "யாரோட பிள்ளைங்கன்னு கேக்க மாட்டேன், அது என் வேலை இல்ல. பகல்ல எங்க தூங்க வைக்கிற?"

"இழுப்பறையிலதான்."

"இழுப்பறையிலயா! நீயெல்லாம் இந்த ஊர்லதான் பொறந்தியா? ஒரு வண்டியில போட்டு வெளிய தூங்க வை."

"வெளிய வச்சா ஊரே பாக்குமே, போதில்."

"பிள்ளைன்னா ஊரு பாக்கத்தான் செய்யும்."

உள்ளே வைத்தால் வீடு போகும், வெளியே வைத்தால் தானே மாட்டிக்கொள்வான். பக்கத்து வீட்டுச் சுவரில் யாரோ இரண்டு முறை தட்டியதும் டோர்கில் முடிவுக்கு வந்தான். பழைய சாமான் சந்தையில் ஒரு குழந்தை வண்டியை விலை கொடுத்து வாங்கினான். அப்படிச் செய்வது அவனுக்கே புதிதாக இருந்தது. கல் பாவிய தெருவில் வண்டி குலுங்கிய குலுங்கலில் எல்லாம் வாயை மூடின. ஆனால் கண்ட இடத்தில் நிறுத்தினால் சிணுங்கின. வெள்ளைக் கருவி எங்கே திருடுபோனதோ அந்தக் காபிக் கடை வாசலுக்கு வந்ததும்தான் அயர்ந்து தூங்கின. மற்ற வண்டிகளின் பக்கத்தில் நிறுத்தினான். வண்டியை விட்டவர்கள் உள்ளே போவார்கள், அதனால் அவனும் போனான். காபியும் இலவங்கப்பட்டை போட்ட ஒரு இனிப்பு ரொட்டியும் சொல்லிவிட்டு வியர்வையோடு உட்கார்ந்தான்.

அவனுக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. கருவியின் மறுபாதி அந்தக் கடையின் கல்லா மேடைமேல்தான் இருந்தது. கடைக்காரி சிஸல்தான் அந்தக் குழந்தையின் தாய். எதிர் வீட்டைத் தாண்டி எதுவும் கேட்கக் கூடாத அந்தக் கருவியில், ஊரின் மறுகோடியில் இருந்த டோர்கிலின் சமையலறை முதல் நாளிலிருந்தே துல்லியமாகக் கேட்டது. ஒரு ஆண் குரல் கெட்ட வார்த்தையில் திட்டுவதைக் கேட்டதும் சிஸல் போலீஸ்காரன் எஸ்பனைக் கூப்பிட்டாள். எஸ்பனின் போனும் கோடைத் தொடக்கத்தில் துறைமுகத் தொத்திறைச்சிக் கடையில் காணாமல் போயிருந்தது. குரலை வைத்தே ஆளைத் தெரிந்துகொண்டு அவன் தொப்பியை மாட்டிவிட்டான். அப்போது பார்த்து மீன்காரர் பாட்டு தொடங்கியது. "பாடி முடிக்கட்டும்," என்று எஸ்பன் மறுபடி உட்கார்ந்தான். பாட்டு முடியவே இல்லை. அதற்குப் பிறகு கடையில் நிற்க இடமில்லாமல் கூட்டம் வந்தது. போதில் எடை பார்த்ததையும் எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார்கள். மந்தம் என்று சொல்லப்பட்ட டேப்லெட்டின் சொந்தக்காரருக்கு மட்டும் முகம் சிறுத்துப்போனது.

சிஸல் காபியைக் கொண்டுவந்து வைத்தாள். "பொண்ணா, பையனா?"

"ரெண்டும் கலந்து."

"நேத்து அந்த மீன்காரர் பாட்டுல ரெண்டாவது அடி சுருதியே சேரல. என் பொண்ணு கேட்டிருந்தா அலறிக்கிட்டு எழுந்திருப்பா."

டோர்கில் மேடைமேல் இருந்த வெள்ளைப் பெட்டியைப் பார்த்தான். வாசலில் நிற்கும் தன் வண்டியின் மூச்சு, ஒரு டஜனுக்கு மேல் சின்ன மூச்சுகள், அதிலிருந்து வந்துகொண்டிருந்தன. எல்லாம் புரிந்துவிட்டது. கதவைப் பார்த்தான். கதவோரம் எஸ்பன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"உக்காருய்யா. வண்டிக்குள்ள என் போனும் இருக்கு. தூங்குற பிள்ளைய எழுப்புறது இந்த ஊர்ல வழக்கமில்ல. முழிக்கட்டும்."

கடை முழுவதும் காத்திருந்தது. தூக்கம் கலைந்து அழுகை கேட்டதும் ஒவ்வொருவராக வெளியே போனார்கள். அவரவர் போனின் அழுகை அவரவருக்குத் தெரிந்திருந்தது. சொந்தக் கைக்குப் போனதும் அது அடங்கியது. சிஸல் தன் வெள்ளைக் கருவியை எடுத்து, துடைத்து, மகளின் காலடியில் வைத்துக்கொண்டாள். அந்தக் கைக்கடிகாரத்தைத் தேடி அடுத்த கோடையில் ஒரு ஜெர்மன் தம்பதி வந்தார்கள். அதுவரை அது டோர்கிலிடமே வளர்ந்தது. எஸ்பன் பதிவேட்டில், மீட்கப்பட்டவை நல்ல உடல்நலத்தோடு உள்ளன என்று எழுதினான். நீதிமன்றம் டோர்கிலைச் சிறைக்கு அனுப்பவில்லை. படகுத்துறையில் மறந்து விடப்படும் பொருள்களை உரியவர் வரும்வரை பார்த்துக்கொள்ளச் சொன்னது. தண்டனைக் காலம் முடிந்தும் அவன் அந்த வேலையை விடவில்லை. மூன்றாவது புகார் வரவே இல்லை. மீட்கப்பட்ட போன்கள் எல்லாம் மத்தியானம் ஒரு மணி நேரம் தூங்கும், என்ன தட்டினாலும் எழுந்திருக்காது. அதனால் அந்த ஊரில் மத்தியானத்தில் யாரும் யாருக்கும் போன் செய்வதில்லை.

ஒன்றை மட்டும் யாரும் கேட்டு வரவில்லை. பொத்தான் வைத்த பழைய போன், ஓரம் உடைந்தது. டோர்கில் கடலில் வீசப் போனது அதைத்தான். சிஸலின் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். பழைய போன் இன்னும் வண்டியில்தான் தூங்குகிறது. போதில் வருடத்துக்கு ஒரு முறை வந்து எடை பார்க்கிறாள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடியிருக்கிறது. பேச்சு மட்டும் இன்னும் வரவில்லை. சில பிள்ளைகளுக்குத் தாமதமாகத்தான் வரும் என்கிறாள்.

இந்தக் கோடையில் துறைமுகத்தில் புதிதாக ஒரு திருடன் வந்திருப்பதாகப் பேச்சு. மாடிப்படியில் வண்டியை ஒரு கை பிடித்துத் தூக்கிக்கொண்டே பிரேபன், "கதவைத் தாழ் போட்டுக்கப்பா, காலம் கெட்டுக் கெடக்கு," என்றார். திருடன் வீட்டில் எவன் திருட வருவான் என்று அத்தனை வருடமும் கதவைப் பூட்டாமலே இருந்தவன் டோர்கில். போனை வண்டியிலிருந்து தூக்கிக் கட்டிலில் போட்டான். போர்வையை இழுத்துவிட்டான். திரும்பி வந்து கதவைச் சாத்தி, சாவியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டி, கைப்பிடியை ஒரு முறை இழுத்துப் பார்த்தான்.