எட்டாவது படத்துக்கும் மாலை

வியாழக்கிழமை சாயங்காலம் ரெங்கராஜுக்குத் திருச்சி விமானம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் மகளுக்கு ஒரு வயது. அவளைப் போனில் மட்டுமே பார்த்திருக்கிறான். செய்கிற வேலையில் ஒரு கம்ப்ளெயின்ட் வந்தாலும் லீவு கேன்சல் என்று அவன் வேலை பார்க்கும் துபாய் ஜெபல் அலி கம்பெனி கறாராகச் சொல்லிவிட்டது.

வேலை ஒன்றும் மலையைப் புரட்டுவதல்ல. ஸ்காட்லாந்தில் முந்நூறு வருடத்துக்கு முன் தொடங்கிய இன்வர்டோன் வங்கியின் சரித்திரத்தை அதன் துபாய் கிளைச் சுவரில் பத்து நாள் கண்காட்சியாக மாட்ட வேண்டும். பழைய நோட்டுகள், கடிதங்கள், முக்கியமான தலைவர்கள் எட்டுப் பேரின் படங்கள். இரண்டாமவர் கதையை சூப்பர்வைசர் சாதிக் பாட்ஷா படித்துச் சொன்னார். போட்டி வங்கி கிளப்பிவிட்ட வதந்தியால் ஊரே போட்ட பணத்தைக் கேட்டுத் திரண்டபோது, மனுஷன் கதவைச் சாத்தவில்லை. சில்லறையாகவே மெதுவாக எண்ணிக் கொடுத்து, தங்கம் வந்து சேரும்வரை மூன்று நாள் தாக்குப்பிடித்திருக்கிறார். ரெங்கராஜுக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. இப்பேர்ப்பட்ட பெரியவர்களை வெறுமனே மாட்டுவதா? சொந்தக் காசில் சந்தன மாலை வாங்கி எட்டுப் பேருக்கும் போட்டு, கண்ணாடியில் பொட்டும் வைத்துவிட்டான்.

வியாழன் காலை, எட்டாவது படம் நடந்து வந்தது. அதே மீசை, அதே வழுக்கை. இப்போதைய தலைவர் மெக்ராய்.

"அடப்பாவி! உசுரோட இருக்கவருக்கு மாலை போட்டுட்டியேடா!" சாதிக் பாட்ஷாவுக்கு வேர்த்துக் கொட்டியது.

"எல்லாரும் அந்தக் காலத்து ஆளுங்கன்னு நெனச்சுட்டேன் பாய்."

மாலை எதற்கு என்று மெக்ராய் கேட்டார். சாதிக் பாட்ஷா மழுப்புவதற்குள் ரெங்கராஜ் முந்திக்கொண்டான். "சார், டெட் பீப்பிள் ஒன்லி. மை மிஸ்டேக்."

மெக்ராய் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். இத்தனை வருடத்தில் இவர்களுக்கு யாரும் ஒரு மாலை போட்டதில்லையே என்றார். கண்காட்சி நடக்கும் பத்து நாளும் இவனே நின்று விருந்தினருக்கு இதை விளக்கட்டும், கம்பெனியிடம் நானே பேசுகிறேன் என்றும் சொன்னார்.

சாதிக் பாட்ஷாவின் முகம் மலர்ந்தது. ரெங்கராஜ் சட்டைப்பையில் இருந்த அன்றைய விமான டிக்கெட்டைத் தொட்டுப் பார்த்தான். திட்டுக்குப் பயந்து கிடந்தவனைப் பாராட்டு வந்து கவிழ்த்துவிட்டது.

"பாய், அவருகிட்டச் சொல்லுங்க. முன்னூறு வருசம் நான் இல்லாம ஓடுன பேங்க், பத்து நாளு ஓடாதா? எம் பொண்ண நான் இன்னும் தூக்குனதே இல்ல."

சாதிக் பாட்ஷா தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தார். மெக்ராயின் சிரிப்பு நின்றது. வேலை முடிந்ததற்கான தாளை வாங்கி, 'குறை இல்லை' என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"புகழ்ந்து எழுதினா நம்ம கம்பெனி உன்னைப் பிடிச்சு வெச்சுக்குமாம்," என்று சாதிக் பாட்ஷா தமிழில் சொன்னார். "ஓடுங்கிறாரு."

ரெங்கராஜ் ஏணியைக்கூட மடக்காமல் ஓடினான்.